லேசர் பிரிண்டரிலிருந்து கழற்றிய மெமரி போர்டுகளை இனம் காண்பது எப்படி?

பழைய லேசர் பிரிண்டர் ஒன்று காயலான் கடைக்குப் போகும்போது டோனர் கார்ட்ரிட்ஜையும் பவர் கார்டையும் மறக்காமல் எடுத்து வைத்துக்கொள்பவர்கள்கூட, உள்ளே செருகப்பட்டிருக்கும் மெமரி போர்டைப் பற்றி நினைப்பதில்லை. பிரிண்டர் பழுது பார்ப்பது என் தொழில் என்பதால் அப்படிப்பட்ட போர்டுகள் என்னிடம் நிறையவே சேர்ந்திருக்கின்றன. இவை வேறு எதற்காவது உதவுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: போர்டின் அடியில் உள்ள பின்களை எண்ணினால் அது எந்த ஸ்லாட்டில் உட்காரும் என்பது மட்டுமே தெரியும், அது என்ன போர்டு என்பதைத் தெரிந்துகொள்ள அதன் மேலுள்ள சிப்புகளின் எண்ணைப் படித்தாக வேண்டும்.

பிரிண்டருக்கு எதற்கு இத்தனை மெமரி என்பதிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் எந்த பிரிண்டரைத் திறந்தால் போர்டு கிடைக்கும் என்பதற்கான விடையும் அதிலேயே இருக்கிறது. இங்க்ஜெட் பிரிண்டர் ஒரு பட்டையை அச்சிட்டுவிட்டு, அடுத்த பட்டைக்கான தரவு வரும்வரை காத்திருக்கலாம். லேசர் பிரிண்டருக்கு அந்த வசதி கிடையாது. டிரம் சுழன்று தாள் நகரத் தொடங்கிவிட்டால், அந்தத் தாள், டோனரைச் சூட்டால் ஒட்டவைக்கும் ஃபியூசரைக் கடந்து வெளியே வரும்வரை நடுவில் எதையும் நிறுத்த முடியாது. ஆகவே பக்கத்தின் படம் தாள் நகரும் வேகத்துக்கு ஈடுகொடுத்து மெமரியில் தயாராக இருக்க வேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஒரு ஏ4 பக்கத்தில் 2480 × 3508 புள்ளிகள் அடங்கும்; புள்ளிக்கு ஒரு பிட் என்றால் ஏறத்தாழ 1 எம்பி. அதையே 600 புள்ளியாக்கினால் நான்கு மடங்காகி 4 எம்பியைத் தாண்டும். வண்ண பிரிண்டரில் நான்கு நிறங்களுக்கும் தனித்தனிப் படம் தேவைப்படுவதால் சுமார் 17 எம்பி ஆகிவிடும்.

1984-ல் வெளிவந்த முதல் ஹெச்பி லேசர்ஜெட்டில் இருந்தது வெறும் 128 கேபி. அதனால்தான் 300 புள்ளியில் எழுத்துகளை அழகாக அச்சிட்ட அந்த இயந்திரம், முழுப் பக்கப் படம் என்று வந்தால் 75 புள்ளிக்கு இறங்க வேண்டியிருந்தது. மறு ஆண்டே வந்த ஆப்பிள் லேசர்ரைட்டரில் 1.5 எம்பி இருந்தது. 1992-ல் வந்த லேசர்ஜெட் 4, 600 புள்ளியில் அச்சிட்டாலும் அதனுடன் வந்தது 2 எம்பிதான். தரவைச் சுருக்கி வைத்துச் சமாளித்தது. சுருக்கியும் அடங்காத பக்கம் வந்தால் 20 என்ற பிழை எண்ணுடன் மெமரி போதவில்லை என்றோ, 21 என்ற எண்ணுடன் பக்கம் உரிய நேரத்தில் தயாராகவில்லை என்றோ திரையில் காட்டிவிட்டு நின்றுவிடும். நம் ஊர் டிடிபி கடைகளில் இந்தப் பிழைகள் இன்னும் அதிகமாகவே தலைகாட்டின. பிரிண்டருக்குள் நிரந்தரமாக இருந்த எழுத்துருக்களில் தமிழ் இல்லை. ஆகவே தமிழ் எழுத்துருவைக் கணினியிலிருந்து பிரிண்டரின் மெமரிக்கு இறக்க வேண்டும், அல்லது எழுத்தையே படமாக மாற்றி அனுப்ப வேண்டும், இரண்டுமே இடத்தைத் தின்னும். ஆஃப்செட் பிளேட்டுக்காக பட்டர் பேப்பரில் பக்கம் எடுத்த கடைகளின் பிரிண்டர்களில், கூடுதல் மெமரி போர்டு இருக்கும் வாய்ப்பு சாதாரண அலுவலக பிரிண்டரைவிட அதிகம் என்பது என் அனுபவம்.

இதற்கு நேர்மாறானவை ஹெச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி2900 போன்றவை. நம் தெருமுனை ஜெராக்ஸ் கடைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் இவற்றில் பக்கத்தைத் தயாரிக்கும் வேலையைக் கணினியே செய்துவிடுகிறது. பிரிண்டரில் இருக்கும் 2 எம்பியும் போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்யப்பட்டது. ஸ்லாட்டே இல்லாத இவற்றைத் திறப்பது நேர விரயம். ஆனால் ஏறத்தாழ அதே காலத்து லேசர்ஜெட் 1320-ல் 16 எம்பியுடன் 100 பின் ஸ்லாட் ஒன்றும் இருக்கிறது. பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க வர்ணனை மொழிகளைத் தானே புரிந்துகொள்ளும் பிரிண்டரா என்று பார்ப்பதுதான் எளிய அடையாளம்.

போர்டு இருக்கும் இடம் ஃபார்மேட்டர், அதாவது கணினியின் கேபிள் வந்து சேரும் பெரிய சர்க்யூட் போர்டு. மின் இணைப்பைத் துண்டித்துச் சிறிது நேரம் விட்டு, பக்கவாட்டு மூடியையோ பின்பக்கத் தகட்டையோ கழற்றினால் தென்படும். இரு முனைக் கொக்கிகளையும் ஒரே நேரத்தில் விலக்க வேண்டும். பழைய சிம் (SIMM என்ற மெமரி போர்டு வகை, செல்பேசி சிம் அல்ல) ஸ்லாட்டுகளில் பிளாஸ்டிக் கொக்கி எளிதில் முறியும், அதன் பிறகு அந்த ஸ்லாட் எதற்கும் உதவாது.

கையில் எடுத்த போர்டை அமைப்பைக் கொண்டு முதலில் பிரித்துவிடலாம். லேசர்ஜெட் 2, 3 காலத்துப் போர்டுகள் அந்தந்த நிறுவனம் தனக்கென்று வடிவமைத்தவை. அகலமான போர்டில் வரிசை வரிசையாகச் சிப்புகள் நிற்கும், அந்தக் குடும்பத்து பிரிண்டரைத் தவிர வேறெதிலும் பொருந்தாது. லேசர்ஜெட் 4 காலத்தவை 72 பின் சிம். இதே அமைப்பு 486, பென்டியம் கணினிகளிலும் இருந்தது. 1990-களின் பிற்பகுதியில் வந்த லேசர்ஜெட் 4000 முதலானவற்றில் 100 பின் டிம் (DIMM, சிம்முக்கு அடுத்து வந்த வகை). கணினிகளில் இது இல்லை, ஆனால் ஹெச்பி மட்டுமின்றி வேறு பிரிண்டர் நிறுவனங்களும் இதைப் பயன்படுத்தின. அதன் பிறகு வந்த பலவற்றில் 144 பின்.

இந்த 144 பின் போர்டுகள்தான் பலரைக் குழப்புகின்றன. பிரதரின் எச்எல்-5250டிஎன் ஏற்பது பழைய மடிக்கணினிகளின் 64 பிட் எஸ்டிரேம் என்ற ரேம் வகை, இதற்கு 3.3 வோல்ட். ஹெச்பியின் பி2055 போன்றவற்றில் இருப்பது 32 பிட் அகலமுள்ள டிடிஆர்2 என்ற பிந்தைய வகை, இதற்கு 1.8 வோல்ட். பின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் வெட்டு இருக்கும் இடமும் மின்னழுத்தமும் வேறு. வெட்டு பொருந்தாதபோது அழுத்திச் செருக முயல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பொருந்தவில்லை என்றால் அது அந்தப் போர்டுக்கு உரிய இடமல்ல, அவ்வளவுதான்.

சிப் எண்களைப் படிக்கும் முன் ஓர் எச்சரிக்கை. மெமரி ஸ்லாட்டில் உட்கார்ந்திருப்பதெல்லாம் ரேம் அல்ல. லேசர்ஜெட் 4-க்கு போஸ்ட்ஸ்கிரிப்ட் வசதியைத் தந்ததே 72 பின் சிம் வடிவிலான ஒரு ரோம் (ROM) போர்டுதான், அதாவது படிக்க மட்டுமே முடிகிற நிரந்தர நினைவகம். 100 பின் ஸ்லாட்டுகளிலும் எழுத்துரு போர்டு, ஃபிளாஷ் போர்டு, சில மாதிரிகளில் பிரிண்டரை இயக்கும் ஃபர்ம்வேர் போர்டு ஆகியவை வரும். ஃபர்ம்வேர் போர்டைக் கழற்றிவிட்டால் பிரிண்டர் உயிர்பெறாது. சிப் எண் 27, 28எஃப், 29எஃப் என்று வந்தால் அது ரேம் அல்ல; எம்எக்ஸ்23 என்று தொடங்கினால் அது மேக்ரானிக்ஸ் நிறுவனத்தின் ரோம். ஸ்டிக்கரில் அடோபி நிறுவனத்தின் பெயர் அச்சிடப்பட்டிருந்தாலும் அதே முடிவுக்கு வரலாம். இவற்றைத் தனியே ஒதுக்கி, எந்த பிரிண்டரிலிருந்து வந்தது என்று எழுதி வைப்பது அவசியம், ஏனெனில் அந்த மாதிரிக்கு வெளியே இவற்றுக்கு மதிப்பில்லை. அந்த மாதிரியை வைத்திருப்பவருக்கோ இவை தங்கம்.

இப்போது ரேம் சிப்புகள். ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் குறைந்தது இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று சிப்பின் எண், மற்றொன்று தயாரித்த காலம். 9438 என்று தனியாக நிற்கும் நான்கு இலக்கத்தைப் பார்த்துவிட்டு அதையே சிப் எண் என்று இணையத்தில் தேடுபவர்கள் உண்டு. அது 1994-ம் ஆண்டின் 38-வது வாரம். சிப் எண் என்பது எழுத்துகளில் தொடங்கி, கோடிட்டு ஓர் இலக்கத்தில் முடிவது. உதாரணமாக கேஎம்44சி1000-7 என்பதை எடுத்துக்கொள்வோம். கேஎம் என்பது சாம்சங் அக்காலத்தில் பயன்படுத்திய முன்னொட்டு. 44-ல் உள்ள இரண்டாவது 4, இந்தச் சிப் ஒரே நேரத்தில் 4 பிட்டைத் தரும் என்று சொல்கிறது. 1000 என்பது அப்படி 10 லட்சத்துச் சொச்சம் இடங்கள் உண்டு என்பதைக் காட்டுகிறது. ஆக, இது 4 மெகாபிட் சிப், அதாவது அரை எம்பி. கடைசியில் உள்ள 7 என்பது 70 நானோ விநாடி வேகம். போர்டில் இப்படி எட்டுச் சிப்புகள் இருந்தால் 8 × 4 = 32 பிட் அகலம், 8 × 0.5 = 4 எம்பி. கூடவே சிறிய சிப்புகள் நான்கு இருந்தால் அவை பாரிட்டி சரிபார்ப்புக்கானவை; அப்போது அகலம் 36 பிட் ஆகிறது, கொள்ளளவு அதே 4 எம்பிதான்.

இந்த அகலக் கணக்கைத்தான் நான் எப்போதும் முதலில் போடுகிறேன். 72 பின், 100 பின் இரண்டுமே 32 பிட் அகலமுள்ளவை. ஆகவே சிப்புகளின் அகலங்களைக் கூட்டினால் 32, 36 அல்லது அவற்றின் இரு மடங்கு வர வேண்டும். இரு மடங்கு வந்தால் போர்டில் சிப்புகள் 32 பிட் கொண்ட இரண்டு அணிகளாக இருக்கின்றன என்று பொருள். கூட்டல் ஒத்துவரவில்லை என்றால் ஏதோ ஒரு சிப்பை நாம் தவறாகப் படித்திருக்கிறோம், அல்லது அது ரேம் போர்டே அல்ல.

மற்ற நிறுவனங்களின் எண்களும் இதே பாணிதான். ஹிட்டாச்சியின் எச்எம்514400, தோஷிபாவின் டிசி514400 இரண்டும் மேற்சொன்ன 4 மெகாபிட் சிப்புக்கு இணையானவை. மைக்ரானில் எம்டி4சி என்று தொடங்கினால் 5 வோல்ட், எம்டி4எல்சி என்றால் 3.3 வோல்ட் டிரேம். எம்டி48எல்சி என்றால் எஸ்டிரேம், எம்டி46வி என்றால் டிடிஆர், எம்டி47எச் என்றால் டிடிஆர்2. சாம்சங் பின்னாளில் கே4எஸ், கே4எச், கே4டி (K4T) என்று முறையே இந்த மூன்றுக்கும் பெயர் வைத்தது. ஹைனிக்ஸில் இவை எச்ஒய்57வி, எச்ஒய்5டியூ, எச்ஒய்5பிஎஸ். கே4எஸ்281632 என்ற சிப்பில் 28 என்பது 128 மெகாபிட்டையும், அடுத்து வரும் 16 அகலத்தையும் குறிக்கின்றன. 100 பின் போர்டில் இப்படி இரண்டு இருந்தால் 32 எம்பி, முன்னும் பின்னுமாக நான்கு இருந்தால் 64 எம்பி. எஸ்டிரேமில் கடைசி இலக்கம் 75 என்றால் 7.5 நானோ விநாடி, அதாவது 133 மெகாஹெர்ட்ஸ்.

72 பின் போர்டில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஒரே கொள்ளளவுள்ள இரண்டு போர்டுகளில் ஒன்று வேலை செய்து, மற்றொன்று பிரிண்டருக்குக் கண்ணிலேயே படாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 67 முதல் 70 வரையிலான நான்கு பின்கள் தரவைக் கடத்துவதில்லை. போர்டு தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் பின்கள் அவை. ஒவ்வொன்றும் கிரவுண்டுடன் இணைக்கப்பட்டிருக்கும் அல்லது அந்தரத்தில் விடப்பட்டிருக்கும். 67, 68 இரண்டும் கிரவுண்டில் இருந்தால் 4 எம்பி. இரண்டும் அந்தரத்தில் இருந்தால் 8 எம்பி. 67 மட்டும் கிரவுண்டில் இருந்தால் 16 எம்பி. 68 மட்டும் என்றால் 32 எம்பி. 69, 70 வேகத்தைச் சொல்கின்றன: இரண்டும் அந்தரம் என்றால் 60 நானோ விநாடி, 69 மட்டும் கிரவுண்டு என்றால் 70. கணினிகளில் பெரும்பாலானவை இந்தப் பின்களைப் பொருட்படுத்தாமல், தாமே எழுதிப் படித்து அளவைக் கண்டுபிடித்தன. ஆகவே மலிவான கணினிப் போர்டுகளில் இந்த இணைப்புகளைச் செய்யாமலேயே விட்டுவிட்டார்கள். லேசர்ஜெட் 4 போன்ற பிரிண்டர்களோ இந்தப் பின்கள் சொல்வதையே நம்பின.

சோதிப்பதற்கு மல்டிமீட்டர் போதும். போர்டின் ஒரு மூலையில் வெட்டு இருக்கும், அது முதல் பின்னின் பக்கம். எதிர்முனையில் கடைசியில் இருப்பது 72-வது பின், அது கிரவுண்டு. 71-ஐ விட்டுவிட்டு உள்நோக்கி வந்தால் 70, 69, 68, 67. மீட்டரின் ஒரு முனையை 72-ல் வைத்துக்கொண்டு மற்றதை ஒவ்வொன்றாக நகர்த்தினால், பீப் ஒலியிலிருந்தே போர்டு தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறது என்பது தெரிந்துவிடும். பல போர்டுகளில் அந்த முனைக்கு அருகில் சுழிய ஓம் ரெசிஸ்டர்களுக்கான காலி இடங்கள் சிறு சிறு ஜோடிகளாகத் தெரியும். உரிய ஜோடியின் மேல் ஒரு துளி ஈயம் வைத்து இணைத்தால், கணினிப் போர்டு பிரிண்டர் போர்டாகிவிடும். சிப்புகளைக் கணக்கிட்டு வந்த அளவும் பின்கள் சொல்லும் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே சால்டர் செய்ய வேண்டும்.

100 பின் போர்டுகளில் இந்த வேலையை எட்டுக் கால் கொண்ட ஒரு சின்னஞ்சிறு சிப் செய்கிறது. 24சி02 வகையைச் சேர்ந்த அந்தச் சிப்பில் 256 பைட் இருக்கும். அதன் 4-ம் காலில் கிரவுண்டு, 8-ல் 3.3 வோல்ட், 5-லும் 6-லும் ஐ2சி என்ற இரு கம்பித் தொடர்பின் தரவும் கடிகாரமும் என்று மெல்லிய கம்பிகளால் ஆர்டுயினோ என்ற சிறு நிரல் போர்டுடன் இணைத்துப் படித்துவிடலாம். ஆர்டுயினோ 5 வோல்ட் வகையாக இருந்தால் நடுவில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் இணைப்பு தேவை. 2-ம் பைட்டில் 2 இருந்தால் இடிஓ என்ற பழைய டிரேம், 4 இருந்தால் எஸ்டிரேம், 7 இருந்தால் டிடிஆர், 8 இருந்தால் டிடிஆர்2. 6-ம் பைட் அகலத்தைச் சொல்லும், அதில் 32 இருக்க வேண்டும். 73 முதல் 90 வரையிலான பைட்டுகளில் போர்டின் எண் எழுத்தாகவே இருக்கும். ஸ்டிக்கர் கிழிந்துபோன போர்டுகளுக்கு இது பெரிய உதவி. என்றாலும் சிப் எண் தெளிவாகத் தெரியும்போது நான் இந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை.

இனம் கண்ட பிறகு எங்கே பயன்படுத்துவது? முதல் இடம், அதே வகை ஸ்லாட் உள்ள இன்னொரு பிரிண்டர். செருகிவிட்டுக் கான்ஃபிகரேஷன் பக்கத்தை அச்சிட்டால் மொத்த மெமரி எவ்வளவு என்று அதிலேயே இருக்கும். வெறும் கடிதங்களை அச்சிடும் அலுவலகத்தில் மெமரியைக் கூட்டுவதால் வேகம் கூடாது என்பதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். படங்கள் நிறைந்த பிடிஎஃப், இருபக்க அச்சு, ஒரே நேரத்தில் பலர் அனுப்பும் வேலைகள் ஆகியவற்றில்தான் வித்தியாசம் தெரியும்.

72 பின் போர்டுகளுக்குப் பழைய கணினிகளைச் சேகரிப்பவர்களிடம் இன்றும் தேவை இருக்கிறது. 486 கணினிக்கு ஒரு போர்டு போதும். பென்டியத்துக்கு ஒரே மாதிரியான ஜோடி தேவை, ஏனெனில் அதன் பஸ், அதாவது தரவுப் பாதை, 64 பிட், போர்டு 32 பிட். இங்கே மெம்டெஸ்ட்86 நிரலை ஓடவிட்டு முழுமையாகச் சோதிக்கவும் முடியும், பிரிண்டரில் இந்த வசதி கிடையாது. ஒரு சிக்கலை மட்டும் குறிப்பிட வேண்டும்: கேஎம்416சி1000, கேஎம்416சி1200 இரண்டும் ஒரே கொள்ளளவுள்ள சிப்புகள் என்றாலும் முகவரி பிரியும் முறை வேறு. முதல் வகைச் சிப் உள்ள போர்டு சில 486 கணினிகளில் அளவு குறைத்துக் காட்டப்படும் அல்லது ஏற்கப்படாது. அதனால் போர்டு பழுது என்று முடிவுகட்டித் தூக்கியெறிய வேண்டியதில்லை. இசைக்கருவிகளில் அகாய் எம்பிசி2000எக்ஸ்எல் 72 பின் போர்டுகளில் 32 எம்பி வரை ஏற்கும். 16 எம்பி போர்டு இரண்டு வைத்திருப்பவர் அவற்றைக் காயலான் கடை விலைக்குத் தள்ளிவிடாமல் இசைக்கலைஞர்களிடம் விசாரிக்கலாம்.

கணினியில் நுழையாத 100 பின் எஸ்டிரேமுக்கு எதிர்பாராத ஓரிடம் உண்டு. சிஸ்கோ 2600 வரிசை ரவுட்டர்களின் ஸ்லாட்டும் இதே 100 பின்தான். சிசிஎன்ஏ என்ற சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழுக்குப் படிப்பவர்கள் வீட்டில் பயிற்சிக்கு வைத்திருந்த இந்த ரவுட்டர்களில், ரவுட்டரை இயக்கும் ஐஓஎஸ் மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்ற மெமரி போதாதபோது பிரிண்டர் போர்டு கைகொடுத்தது. செருகிய பின் ரவுட்டர் காட்டும் விவரத்தில் 29696கே/3072கே என்பது போல இரண்டு எண்கள் தெரியும். அவற்றைக் கூட்டினால் 32768, அதாவது 32 எம்பி. முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போர்டில் ஒரு பகுதி கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அதற்கு முந்தைய 2500 வரிசைக்கு வேண்டியது 72 பின், அதுவும் பாரிட்டியுடன் கூடிய 36 பிட் போர்டு; பிரிண்டர் போர்டுகளில் பெரும்பாலானவை 32 பிட் என்பதால் அங்கே உதவா.

எங்கே செருகுவதானாலும் அதற்கு முன் விளிம்பைத் துடைக்க வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சில்லாத துணியே போதுமானது; பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம்மிடையே பரவலான வழக்கம் என்றாலும் அது முலாமையும் சேர்த்தே தேய்க்கும். விளிம்பு வெள்ளீய நிறமா தங்க நிறமா என்று பார்த்து, ஸ்லாட்டின் உலோகத்துடன் ஒத்துப்போகிற போர்டையே தேர்ந்தெடுப்பது நல்லது, இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் நாளடைவில் தொடர்பு கெடும். ரேம் போர்டில் மின்சாரம் போனதும் எதுவும் மிஞ்சாது என்பதால் அதைக் கைமாற்றுவதில் கவலையில்லை. ஃபிளாஷ் போர்டிலோ முந்தைய அலுவலகத்தின் கடிதத் தலைப்பும் கையெழுத்துப் படமும் இன்னும் இருக்கக்கூடும், அதைப் பிரிண்டரிலேயே அழித்துவிட்டுத்தான் வெளியே கொடுக்க வேண்டும். லேசர்ஜெட் 2 காலத்து அகலப் போர்டுகளுக்கு மட்டும் என்னால் புது வேலை எதுவும் தேட முடியவில்லை. அதே பிரிண்டரை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் யாராவது கேட்டால் தருவதற்கு ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு, மற்றவற்றை மின்கழிவு எடுப்பவரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறேன்.